டெல்மர் ஹாகனின் இரண்டு தடவைச் சட்டம்

டெல்மர் ஹாகனுக்குத் தொழில் ஞானம் பிறந்தது ஒரு சாவுச் சாப்பாட்டில். அன்றைக்கு அடக்கமானவர் யார் என்று அவருக்கு இப்போது நினைவில்லை. தட்டில் மிச்சமிருந்த பேரீச்சம்பழக் கேக் துண்டு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மினசோட்டாவில் நார்வேக்காரர்கள் குடியேறிய எங்கள் வெஸ்ட்டால் ஊரின் லூத்தரன் கோவில் அடித்தளத்தில் கோவில் பெண்கள் வழக்கம்போல எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். ஹாம் என்கிற பன்றித் தொடைக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், கேரட் துருவல் மிதக்கும் பச்சை ஜெல்லி, சதுரம் சதுரமாக வெட்டிய கேக். எல்லாம் தீர்ந்து கடைசியில் ஒரே ஒரு சதுரம் நின்றது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை எடுப்பவன் ஆயுள் முழுக்கப் பேராசைக்காரன். அதனால் ஒருவர் வந்து கத்தியால் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. அவருக்கு அடுத்தவர் அதிலும் பாதி. கொசு உட்கார்ந்தால் மறைந்துபோகும் அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சியது. கோவில் முழுக்க லூத்தரன்கள், கையில் காப்பிக் கோப்பையோடு, அதைச் சுற்றி நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள். யாரும் தொடவில்லை. பாஸ்டர்கூடத் தொடவில்லை. அவருக்குப் பாவமன்னிப்பு கையோடு இருந்தும்.

மற்றவர்கள் துணுக்கைப் பார்த்தார்கள். டெல்மர் அதில் ஒரு தொழிலைப் பார்த்தார். இந்த ஊர் மக்கள் நூறு பேர் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அறுபது பேர் சாப்பாட்டைத் தின்பவர்கள். மீதி நாற்பது யாருக்கு?

அப்போது அவர் வேலையில்லாமல் இருந்தார். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் விதைக் கவுண்டரில் தலை நரைக்கும்வரை நின்றவர். ஒரு வசந்தத்தில் கவுண்டரையே மூடிவிட்டார்கள். மேலாளர் ஹார்லன் எங்கெப்ரெட்சன் அவருக்குச் சங்கத்தின் பெயர் போட்ட ஒரு தொப்பியும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார். வேலையில்லாதவனுக்குக் கடிகாரம். கொடுக்கும்போது, "ஏதாச்சும் வேணும்னா நானே உங்க வாசலுக்கு வந்து கேப்பேன், டெல்மர்" என்றும் சொன்னார். வெஸ்ட்டாலில் இப்படிச் சொன்னால் இனிமேல் வரவே மாட்டேன் என்று அர்த்தம். டெல்மருக்கும் அது தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. சங்கத்தின் ஆண்டு விருந்து ஒன்று உண்டு. சுற்றுவட்டார விவசாயிகள் எல்லாரும் குடும்பத்தோடு வந்து உட்காரும் விருந்து. நகரத்திலிருந்து யாரோ வந்து சமைத்துவிட்டுப் போவார்கள். அந்த விருந்தை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று ஹார்லன் டெல்மர் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும். கேட்டே ஆகவேண்டும். மற்ற எல்லாக் கல்யாணமும் கருமாதியும் அதற்கு முன்னால் நடக்கிற ஒத்திகை.

இப்படியாக ஹாகன் கேட்டரிங் உதயமானது. ரொட்டிக் கம்பெனி தள்ளிவிட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் "தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று எழுதினார். முதல் மாதமே யாரோ அதற்குக் கீழே இருந்த தூசியில் விரலால் "வீட்டுக்குப் போய்" என்று சேர்த்து எழுதிவிட்டார்கள். டெல்மர் கழுவினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி முளைத்தது. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

சமையல் செய்தது அவர் மனைவி லவோன். டெல்மர் நிர்வாகம். அதாவது லவோன் அடுப்பில் நிற்பார், டெல்மர் லவோனுக்குப் பின்னால் நிற்பார். லவோனின் கைக்கு ருசி உண்டு. அது டெல்மருக்குக் கொஞ்சம் இடைஞ்சலாகவே இருந்தது, ருசியாக இருந்தால் ஜனங்கள் அதிகம் சாப்பிட்டுவிடுவார்களே. அதற்கு மாற்று வழிகளை அவர் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார். மூடப்போன ஒரு மழலையர் பள்ளியின் தட்டுகளை ஏலத்தில் எடுத்தார். சின்னத் தட்டு, ஓரத்தில் வாத்துப் படம். லவோன் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து வாத்தை அழித்தார். ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாத்து எட்டிப் பார்க்கும். மேசையில் முதலில் ரொட்டி, அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் ஜெல்லி, கடைசியில்தான் கறி. கறியிடம் போய்ச் சேரும்போது தட்டில் கறிக்கு இடமிருக்காது. ஏற்கெனவே வைத்ததைத் திருப்பி வைக்க எந்த நார்வேக்காரன் பேரனுக்கும் துணிச்சல் வராது.

ஆனால் இதெல்லாம் சில்லறை வேலை. அவருடைய நிஜமான கண்டுபிடிப்பு இரண்டு தடவைச் சட்டம்.

எங்கள் ஊரில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். அது மரியாதை. இரண்டாவது தடவை கேட்டால், "இல்ல இல்ல, மத்தவங்களுக்கு இருக்கட்டும்" என்பார்கள். அது பண்பாடு. மூன்றாவது தடவை கேட்டால்தான், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு துளி" என்று தட்டை நீட்டுவார்கள். அது பசி. தாய்ப்பாலைக்கூட மூன்றாவது அழைப்புக்குத்தான் குடித்திருப்பார்கள் போல. டெல்மர் பரிமாறும் பெண்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்:

"ரெண்டு தடவ கேளுங்க. சிரிச்ச மொகமா, மனசார கேளுங்க. மூணாவது தடவ வாயத் தொறந்தா சம்பளத்துல புடிப்பேன்."

அவ்வளவுதான். கேட்காமல் விட்டான் என்று யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை கேட்டாயிற்று. அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள். பரிமாறும் பெண்கள் வழியாகச் சட்டம் ஊருக்கே தெரிந்துபோனது, முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாரும் இல்லை.

லவோன் மட்டும் இந்தச் சட்டத்தை மீறுவார். கல்யாணமாகாமலே கிழவர்களாகிப்போன விவசாயிகள் சிலர் உண்டு, வீட்டில் தகர டப்பாவைத் திறந்து தின்பவர்கள். அவர்கள் பக்கத்தில் போய்க் குனிந்து மூன்றாவது தடவை மெதுவாகக் கேட்பார். டெல்மர் பார்த்துவிடுவார். ஆனால் லவோனுக்குச் சம்பளமே கிடையாது, அதில் எதைப் பிடிப்பது?

தொழில் கொழித்தது. இரண்டாவது வேன் வந்தது. கல்யாணம், ஓய்வு பெறும் விழா, பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தும் சடங்கு, எல்லாவற்றுக்கும் ஹாகன் கேட்டரிங்தான். ஜனங்கள் விருந்தில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து நின்றபடியே ரொட்டி தின்றார்கள். மறுநாள் டெல்மரைக் கடைத்தெருவில் பார்த்தால், "நேத்து சாப்பாடு மோசமில்ல" என்றார்கள். காலம் காலமாகக் கூலி வாங்காமல் ஊருக்கே சமைத்துப் போட்ட கோவில் பெண்கள், "நல்லதாப் போச்சு, எங்களுக்கும் முட்டி வலிக்குது" என்றார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு, செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டோம் என்று அர்த்தம். டெல்மர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஹார்லன் மட்டும் வரவில்லை. சங்கத்தின் விருந்துக்கு நகரத்து ஆட்களே வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் டெல்மரின் மகள் சோல்வேக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ரெமி கிட்ரி. தெற்கு லூசியானாக்காரன். எண்ணெய்க் குழாய் பதிக்க மினசோட்டா பக்கம் வந்தவன். எங்கள் ஊர்க் குளிரில் மூக்கு விறைத்து மருத்துவமனைக்குப் போனான், அங்கே நர்ஸாக இருந்தவள் சோல்வே. ஜூன் மாதம் ஊர் மண்டபத்தில் கல்யாணம். டெல்மர் முதல் அழைப்பிதழை ஹார்லன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்டபத்தில் முன் மேசையில் அவருக்கு இடம் போட்டார். மகளின் கல்யாணத்தைவிடப் பெரிய விளம்பரம் ஒருவனுக்கு வாழ்க்கையில் கிடைக்குமா?

லவோனுக்கு ஒரு கவலை இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய கூட்டமாக, இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கூடுதலாகச் சமைக்கலாம் என்றார்.

"அவங்க நம்ம மாதிரி இல்ல, டெல்மர்."

"மனுசங்கதானே? கேட்டா ரெண்டு தடவ வேணாம்னுதானே சொல்லுவாங்க" என்றார் டெல்மர். உலகத்தில் வேறு மாதிரி மனிதர்கள் இருக்கமுடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வழக்கமான கணக்குப்படி, நூறு பேருக்கு அறுபது பேர் சாப்பாடுதான் வெந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டு, யார் வேண்டுமானாலும் முதலில் எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். பெண் வீட்டார் ஒருவரும் அசையவில்லை. வெஸ்ட்டாலில் முதல் ஆளாக எழுந்திருப்பது கடைசித் துண்டை எடுப்பதைவிடக் கேவலம். எல்லாரும் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் "நீங்க போங்க" என்று கையால் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார்கள். இவர்கள் ஏதோ விரதம் போல என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

முன்னால் போனவர் ரெமியின் அத்தை வெர்னா. அகலமான பெண்மணி, குரல் அதைவிட அகலம். வாத்துத் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, கொழந்தைங்க பந்தி வேற, பெரியவங்க பந்தி வேறயா?"

பரிமாறும் பெண் கரண்டியை எடுத்தாள். சட்டப்படி கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் ஹாம் வெக்கட்டுங்களா?"

"வெய்யி. இதுக்கெல்லாம் கேப்பாங்களா?"

பரிமாறியவள் டெல்மரைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு பதிலுக்கு அவளுக்குப் பயிற்சியே கொடுக்கவில்லை. அடுத்து வந்த மாமா, அவருக்கு அடுத்து வந்த சித்தப்பா, அவர் பிள்ளைகள் என்று எல்லாரும் முதல் தடவையிலேயே ஆமாம் என்றார்கள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அவர்கள் ஊரில் ஒருவர் வேண்டுமா என்று கேட்டால் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைப்பார்கள், பாவம். நன்றாக இருந்ததால் இரண்டாவது தட்டுக்கும் வந்தார்கள். சமைத்தது யார் என்று கேட்டு, உள்ளே போய் லவோனைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லவோனின் சமையலுக்காக அவரை ஒருவர் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

பெண் வீட்டார் ஒருவழியாக எழுந்து வந்தபோது மேசையில் பச்சை ஜெல்லி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர் ஹார்லன் எங்கெப்ரெட்சன். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். சின்னத் தட்டில் ஒரு கரண்டி ஜெல்லியை வைத்துக்கொண்டு, "காலைல கொஞ்சம் கூடவே சாப்ட்டுட்டேன், இதுவே தாராளம்" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார். அவருக்குப் பின்னால் வந்த எல்லாருமே அன்று காலையில் கூடவே சாப்பிட்டிருந்தார்கள். கோவில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு ஆன்மிக அமைதியை ஈஸ்டர் அன்றுகூடப் பார்க்கமுடியாது.

"நல்லாருந்துச்சா, ஹார்லன்?" என்று டெல்மர் மேசைப் பக்கம் போய்க் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஹார்லன் ஜெல்லியை யோசனையோடு பார்த்தார். "வித்தியாசமா இருந்துச்சு" என்றார்.

வெஸ்ட்டாலில் அதற்குமேல் கெட்ட வார்த்தை கிடையாது. டெல்மர் சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மண்டபத்துக்குள் வெர்னா அத்தை ஒரு கிழவரைப் பார்த்தார். டப்பா தின்னும் கிழவர்களில் ஒருவர். ஜெல்லியை ஒவ்வொரு துளியாகத் தின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டாயிற்றா என்று வெர்னா கேட்டதற்கு, வயிறு நிறைந்துவிட்டது என்றார். வயிறு அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டது. வெர்னா மண்டபம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் எலும்பு, பெண் வீட்டார் தட்டில் ஜெல்லி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் தின்றது இவர்கள் பங்கு.

அதற்கப்புறம் நடந்ததை எங்கள் ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. ரெமியின் மாமாக்கள் தங்கள் வண்டியிலிருந்து குளிக்கும் தொட்டி போல ஒரு இரும்புச் சட்டியை இறக்கினார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சட்டியோடு ஏன் வந்தார்கள் என்று கேட்டதற்கு, சட்டி இல்லாமல் யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா என்று திருப்பிக் கேட்டார்கள். மறுநாள் சமைக்க வைத்திருந்த புகைபோட்ட தொத்திறைச்சியும், கோழியும், ஒரு மூட்டை அரிசியும் வெளியே வந்தன. உள்ளே ஆட்டம் பாட்டம் நடக்கும்போதே வண்டி நிறுத்தும் இடத்தில் வெங்காயம் வதங்கத் தொடங்கியது. லவோன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய்ச் சோறு கிண்டும் துடுப்பைப் பிடித்துக்கொண்டார். வெஸ்ட்டால் ஜனங்கள் காற்று வாங்க வந்ததுபோல ஒவ்வொருவராக வெளியே வந்து, சட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மழை வருமா என்று பேசினார்கள். வாயெல்லாம் எச்சில்.

சோறு வெந்ததும் வெர்னா முதல் தட்டை ஹார்லனிடம் நீட்டி, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஹார்லன் வேண்டாம் என்றார். வெர்னா சரி என்று அடுத்தவரிடம் போனார். அவரும் வேண்டாம் என்றார். சரி, அடுத்தவர். ஹார்லனின் கை பாதி தூரம் நீண்டு அப்படியே நின்றது. இரண்டாவது தடவையே இல்லாத ஊர் ஒன்று உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வரிசை முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போகிற தட்டைக் கண்ணாலேயே வழியனுப்பிக்கொண்டு நின்றது.

கல்யாணப் பெண் சோல்வே வெள்ளை உடையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"அத்தை, இவங்ககிட்ட மூணு தடவ கேக்கணும். அப்பதான் சரின்னு சொல்லுவாங்க."

"மூணு தடவயா? அதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்டி." வெர்னா கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். தட்டை நிரப்பி, அந்த டப்பா கிழவரின் கையில் திணித்தார். "கேக்கல. புடி."

கேட்காததால் மறுக்க வழியில்லை. கையில் வந்துவிட்டதை வீணாக்கினால் பாவம். எல்லார் மானமும் பிழைத்தது. கிழவர் தின்றார்.

சோல்வே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனாள். டெல்மர் "தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்ற எழுத்தில் சாய்ந்து நின்றிருந்தார். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்பிடுப்பா."

"பசிக்கல."

"சாப்பிடு."

"மத்தவங்க சாப்பிடட்டும்."

சட்டி பக்கம் லவோனின் சிரிப்பு கேட்டது.

"என் கல்யாணத்துலயும் ரெண்டு தடவதானாப்பா?" என்றாள் சோல்வே.

அவள் தட்டைத் தள்ளிக் காட்டி மூன்றாவது தடவையும் சாப்பிடச் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டார். வெஸ்ட்டாலில் மிளகையே சந்தேகத்தோடு பார்ப்பார்கள், இது லூசியானா மிளகாய்த்தூள். நாலாவது வாயில் அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. காரம்தான் என்று அவர் சொன்னார். ஊரும் அப்படியே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது.

தின்று முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, டெல்மர் நேராகச் சட்டியிடம் போனார். பெரிய கரண்டியை எடுத்தார். வாத்துத் தட்டு ஒன்றைக் குவியலாக நிரப்பினார். வாத்து மூழ்கியே போனது. அதைக் கொண்டுபோய் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹார்லனின் கையில் வைத்தார்.

"கேக்கல, ஹார்லன். புடிங்க."

ஹார்லன் மூன்று தட்டுச் சாப்பிட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஹார்லனின் வண்டி டெல்மர் வீட்டு வாசலில் வந்து நின்றது. டெல்மர் வெளியே வந்தார். இரண்டு பேரும் சோளப் பயிரைப் பற்றிப் பேசினார்கள். அதன்பின் மழை. அதன்பின் மழை வராதது. போய்வருகிறேன் என்று ஹார்லன் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, இன்னும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். முக்கியமான விஷயத்தை எங்கள் ஊரில் ஓடப்போகிற வண்டியிலிருந்துதான் சொல்வார்கள். ஹார்லன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, கல்யாணத்தன்றைக்கு லவோன் கிண்டிய அந்தச் சோறு மோசமில்லை, இந்த வருஷம் சங்கத்து விருந்தை நீங்களே எடுத்துச் செய்தால் என்ன என்று கேட்டார்.

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. தன் வாசலில். அதே மனிதர் வாயிலிருந்து. டெல்மர் வாயைத் திறந்தார். பிறவிப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அய்யோ, நாங்க எங்க, நகரத்துக்காரங்களே நல்லாதானே செய்யறாங்க" என்றார்.

"நெசமாத்தான் கேக்கறேன். செய்யுங்களேன்."

"இல்ல, வேற யாராச்சும் நல்லவங்களாப் பாத்து..." என்றார் டெல்மர். மனதுக்குள் மூன்றாவதுக்குத் தயாராகிவிட்டார். சரி என்ற சொல்லை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஹார்லன் வண்டியைக் கிளப்பினார். அவர் வாயோரத்தில், நார்வேக்காரர்களிடம் அபூர்வமாகத் தென்படும் ஒன்று, சிரிப்பு போல ஏதோ இருந்தது.

"ரெண்டு தடவ கேட்டாச்சு, டெல்மர். உங்க சட்டம்தான்."

வண்டி நகர்ந்தது. டெல்மர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். கூப்பிடலாம், ஓடலாம், கை காட்டலாம். ஒன்றும் வரவில்லை. அறுபது வருஷப் பண்பாடு காலைப் பிடித்துக்கொண்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து கதவு படாரென்று திறந்தது. லவோன், கையில் மாவோடு, புல்தரையைக் குறுக்கே கடந்து ஓடினார். வெஸ்ட்டாலில் அந்த வயதுப் பெண்மணி ஓடி யாரும் பார்த்ததில்லை. சாலை முனையில் வண்டியை மறித்து, கண்ணாடியில் மாவுக் கையை வைத்தார்.

"செய்யறோம், ஹார்லன். சட்டி பெருசா எடுத்துட்டு வர்றேன்."

முதல் தடவையிலேயே. வெட்கமே இல்லாமல். வெர்னாவிடம் கற்றுக்கொண்டது.

அந்த வருஷ விருந்தை லவோன்தான் நடத்தினார். வாத்துத் தட்டுகள் கோவில் குழந்தைகள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தன. பரிமாற, முட்டி வலிக்கிறது என்று சொன்ன கோவில் பெண்களையே லவோன் கூப்பிட்டார், இந்தத் தடவை கூலிக்கு. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. டெல்மருக்குக் காப்பி ஊற்றும் வேலை. கோப்பை காலியானால் கேட்கக்கூடாது, ஊற்ற வேண்டும் என்று லவோனின் உத்தரவு. மீறினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். டெல்மருக்கு இப்போது சம்பளம்.

வேனில் அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. கீழே தூசியும் நிறையச் சேர்ந்திருக்கிறது, நல்ல விரலுக்கு ஏற்ற தூசி. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. கை அரிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் விட்டுவிட்டார்கள்.

தொழில் எப்படிப் போகிறது, முன்போல லாபம் உண்டா என்று யாராவது டெல்மரைக் கேட்டால், "மோசமில்ல" என்பார். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வார். மூன்றாவது தடவை கேட்டால் ஒருவேளை உண்மையைச் சொல்லக்கூடும். வெஸ்ட்டாலில் யாரும் இதுவரை கேட்கவில்லை.